பெருமளவு கணினித் தரவுக்கு எந்தச் சேமிப்புச் சாதனம்? வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு, வடக்கே திருவொற்றியூர் வரையிலும் மேற்கே வியாசர்பாடி, பெரம்பூர் வரையிலும் உள்ள போட்டோ ஸ்டூடியோக்கள், அச்சகங்கள், துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத் தரகர்) அலுவலகங்கள் ஆகியவற்றின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். பேக்கப் பற்றி இவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளே. சில டெராபைட்டில் தொடங்கி நூறு டெராபைட் வரை தரவு வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன். செல்போனில் உள்ள குடும்பப் படங்களை மட்டும் காப்பாற்ற நினைப்பவருக்கு இவ்வளவும் தேவைப்படாது.

எவ்வளவு இடம் தேவை என்பதை எப்படிக் கணக்கிடுவது?

இப்போது கையில் இருக்கும் தரவை அளப்பதைவிட, ஓர் ஆண்டில் எவ்வளவு சேர்கிறது என்று கணக்கிடுவதே சரியான தொடக்கம். ஒரு திருமணத்தை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் இடம் பிடிக்கும். இரண்டு கேமராக்கள், ஒவ்வொன்றும் வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிகாபைட். அதோடு ஒரு படம் 30 மெகாபைட் வீதம் 3,000 ரா படங்கள் (கேமரா மாற்றாமல் பதியும் மூலப் படங்கள்) சேர்ந்தால் இன்னும் 90 ஜிகாபைட். ஆக, ஒரு திருமணத்துக்கு ஏறக்குறைய 630 ஜிகாபைட். ஆண்டுக்கு 40 திருமணங்கள் எடுக்கும் ஸ்டூடியோவுக்கு 25 டெராபைட் சேரும். இரண்டு நகல் வைத்தால் 50 டெராபைட் இடம் வேண்டும்.

காகித ஆவணங்களை ஸ்கேன் செய்து வைக்கும் அலுவலகத்தின் நிலை முற்றிலும் வேறு. ஒரு பக்கம் ஒரு மெகாபைட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் பக்கங்கள் 100 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். இந்த இருவருக்கும் ஒரே சாதனத்தைப் பரிந்துரைப்பவரின் சொல்லை ஏற்க வேண்டாம்.

4 டெராபைட் என்று எழுதியிருந்த டிரைவ், கணினியில் 3.63 டெராபைட் என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு டெராபைட்டை ஒரு லட்சம் கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024இன் மடங்குகளாகக் கணக்கிட்டுவிட்டு அதே பெயரால் குறிக்கிறது. 16 டெராபைட் டிரைவில் இந்த வேறுபாட்டால் 14.55 என்று தெரியும். வாங்குவதற்கு முன்பே இதற்கு இடம் விட்டுக் கணக்கிடுங்கள். டிரைவை முழுவதுமாக நிரப்பாமல் பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுவதும் நல்லது.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, டேப், கிளவுட் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஐந்து முதல் ஐம்பது டெராபைட் வரை வைத்திருப்பவருக்கு என் பதில் பல ஆண்டுகளாக மாறவில்லை: 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகளைத் தனியாக வாங்கி, அவற்றைச் செருகி எடுக்கும் ஒரு யூஎஸ்பி டாக்கில் பொருத்தி நகலெடுத்து, பிறகு கழற்றிப் பத்திரப்படுத்துவது. விலையை டெராபைட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மிகப் பெரிய கொள்ளளவும் மிகச் சிறியதும் டெராபைட்டுக்குக் கூடுதல் விலையாகவும், இடைப்பட்டவை மலிவாகவும் இருப்பதைக் காண்பீர்கள். மற்ற வழிகள் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வேலை உண்டு. அவற்றைக் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

கைக்கு அடக்கமான போர்ட்டபிள் டிரைவ்களே போதாதா? அவற்றுக்குத் தனி மின் இணைப்பும் தேவையில்லையே?

வாடிக்கையாளரிடம் கொடுத்தனுப்புவதற்கு அவை நல்லவை. முதன்மையான காப்பு நகலுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, பல போர்ட்டபிள் டிரைவ்களில் யூஎஸ்பி இணைப்பு, டிரைவின் சர்க்யூட் போர்டிலேயே சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கேபிளைப் பக்கவாட்டில் இழுத்து அந்த முனை உடைந்துவிட்டால், உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் பொருத்திப் படிக்க இயலாது. தனியாக வாங்கும் 3.5 அங்குல டிரைவில் டாக் பழுதானால் வேறொரு டாக்கை வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் எழுதும் முறை. பெரும்பாலான போர்ட்டபிள் டிரைவ்கள் எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுகின்றன. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஒரு வரிசை ஓட்டின் விளிம்பின்மேல் அடுத்த வரிசை ஏறி அமர்வதுபோல, இந்த முறையில் ஒரு தடத்தின் ஓரத்தின்மீது அடுத்த தடம் எழுதப்படுகிறது. இதனால் அதே தகட்டில் கூடுதலான தரவு கொள்ளும். ஆனால் நடுவில் உள்ள ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் உள்ள வரிசைகளையும் எடுத்து மீண்டும் வேய வேண்டுமல்லவா? அதே சிரமம் இங்கும் உண்டு. பழைய கோப்புகளை அழித்துப் புதியவற்றை எழுதும்போது வேகம் சில சமயம் நொடிக்குச் சில மெகாபைட் அளவுக்கே இறங்கிவிடும். ஒருமுறை நிரப்பிவிட்டு எடுத்து வைக்கும் பயன்பாட்டுக்கு எஸ்எம்ஆர் போதுமானது. அடிக்கடி திருத்தி எழுதுவதற்கும், பல டிஸ்க்குகளை ஒன்றாக இயங்கவைக்கும் ரெய்டு அமைப்புக்கும், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் சிஎம்ஆர் டிரைவையே கேட்டு வாங்குங்கள். 2020ஆம் ஆண்டில், நாஸ் பெட்டிகளுக்கென்று (நெட்வொர்க் வழியே பலரும் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டிகள்) விற்கப்பட்ட சில டிரைவ்களிலேயே எஸ்எம்ஆர் முறை அறிவிப்பின்றிப் பயன்படுத்தப்பட்டது வெளியாகி, அதன்பிறகே தயாரிப்பாளர்கள் எந்த மாடல் எந்த முறை என்ற பட்டியலை வெளியிட்டார்கள். ஆகவே பெட்டியின்மேல் உள்ள பெயரை நம்பாமல், மாடல் எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். அதிலேயே பேக்கப் வைத்தால் என்ன?

வேலை செய்துகொண்டிருக்கும் கோப்புகளுக்கு, சுழலும் தகடு இல்லாமல் சில்லுகளில் எழுதும் எஸ்எஸ்டியைவிடச் சிறந்தது இல்லை. மண்டபத்திலிருந்து திரும்பும் வழியில் மெமரி கார்டுகளின் நகலைச் சுமந்து வருவதற்கும் அதுவே ஏற்றது. அலமாரியில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடப்பதற்கு அது வடிவமைக்கப்படவில்லை. எஸ்எஸ்டியில் தரவு மின்னூட்டமாகத் தேக்கி வைக்கப்படுகிறது. அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் கசிவு விரைவாகும். ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பின் வரையறைப்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டுக்குத் தரவைத் தக்கவைத்தால் போதுமானது. புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுங்காலம் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் நம் ஊர் மே மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணின் வெப்பம் 30 டிகிரியோடு நிற்பதில்லை.

நாஸ் பெட்டி வாங்கி ரெய்டு அமைத்துவிட்டேன். ஒரு டிஸ்க் போனாலும் தரவு இருக்கும் என்கிறார்கள். இனி பேக்கப் தேவையா?

கட்டாயம் தேவை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் ரெய்டு முறையை முன்வைத்தபோது, மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதே நோக்கம். நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், ரெய்டு அதை எல்லா டிஸ்க்குகளிலிருந்தும் உடனே அழித்துவிடும். நாஸ் பெட்டியின் பவர் சப்ளை எரிந்து டிஸ்க்குகளைச் சேர்த்து அழித்தாலும், பெட்டியையே திருடிச் சென்றாலும், தண்ணீர் புகுந்தாலும் ரெய்டால் ஒன்றும் செய்ய இயலாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டு உபயோக டிரைவ்கள் பலவற்றின் விவரக் குறிப்பில், 10இன் அடுக்கு 14 பிட்டுகளைப் படிக்கும்போது ஒரு பிழை வரை நேரலாம் என்று இருக்கும். அது 12.5 டெராபைட். ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க் போனதும் மற்றவை அனைத்தையும் முழுவதுமாகப் படித்தே புதிய டிஸ்க்கை நிரப்ப வேண்டும், அப்போது அந்தப் பிழை குறுக்கிடலாம். பெரிய டிஸ்க்குகளில் அந்த வேலை ஒரு நாளுக்கும் மேல் நீடிக்கும். அந்த நேரத்தில் அதே வயதுடைய இன்னொரு டிஸ்க்கும் கைவிடுவதை நான் கண்டிருக்கிறேன். நாஸ் வைத்துக்கொள்ளுங்கள், பலர் ஒரே கோப்பில் வேலை செய்யும் இடத்தில் அது மிகவும் உதவும். அதை மூலமாகக் கருதி அதற்கும் தனியாகப் பேக்கப் எடுங்கள்.

எத்தனை நகல் வேண்டும், அவற்றை எங்கே வைப்பது?

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கை உலகெங்கும் பின்பற்றுகிறார்கள்: மூலத்தையும் சேர்த்து மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒரு நகல் வேறு இடத்தில். இந்த மூன்றில் கடைசியாக உள்ள ஒன்றைத்தான் வட சென்னையில் முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது, வியாசர்பாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டூடியோவின் தரைத்தளத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. நான் சொன்னபடியே அவர் இரண்டு நகல்கள் வைத்திருந்தார். இரண்டும் ஒரே இரும்பு பீரோவின் கீழ்த் தட்டில் இருந்தன. கணினி மேசைக்குக் கீழே இருந்தது. தண்ணீர் வடிந்தபிறகு, "ரெண்டு காப்பி இருந்ததே சார்" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நகல் வையுங்கள் என்று சொன்ன நான், அவற்றை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பதினோரு குடும்பங்களின் திருமணப் பதிவுகள் அதோடு போயின. அன்றிலிருந்து எந்த டிரைவ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், எந்த மாடியில் வைக்கப் போகிறீர்கள் என்று நான் முதலில் கேட்கிறேன்.

பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் ஆகியவை நிரம்பினால் கொருக்குப்பேட்டையும் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் ஒரே நாளில் நீரில் மூழ்குகின்றன. ஆகவே அடுத்த தெருவில் இருக்கும் மைத்துனர் வீட்டுத் தரைத்தளத்தை வேறு இடம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள இயலாது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் உறவினர் இருந்தாலும், நம்மை நனைக்கும் மழைதான் பெரும்பாலும் அவர்களையும் நனைக்கும். நான் இப்போது சொல்லும் ஏற்பாடு இதுதான்: வாரம்தோறும் எடுக்கும் நகல், அதே கட்டடமாக இருந்தாலும் முதல் மாடிக்கோ அதற்கு மேலோ போக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் நகல் ஊரைவிட்டே வெளியேற வேண்டும். காட்பாடியிலோ ஆம்பூரிலோ சொந்தக்காரர் இருந்தால், ஊருக்குப் போகும்போதெல்லாம் புதிய டிரைவைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வாருங்கள். 25 டெராபைட்டை, நொடிக்கு 50 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் இணையம் வழியே அனுப்பினால், ஒரு நிமிடமும் நிற்காமல் 46 நாட்கள் ஆகும். அதே தரவு இரண்டு டிஸ்க்குகளாகக் கைப்பையில் ஏறினால், சென்ட்ரலிலிருந்து காலையில் புறப்படும் ரயிலில் மதியத்துக்குள் காட்பாடி போய்ச் சேரும்.

டிரைவைக் கொண்டுசெல்லும்போது, அது வந்த பஞ்சுப் பொதியிலோ ஒரு தடித்த துண்டிலோ சுற்றி, கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியிலோ லக்கேஜ் தட்டிலோ போட வேண்டாம்.

கடற்காற்றும் ஈரப்பதமும் டிரைவைக் கெடுக்குமா?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தகடுகளைவிட, வெளியே இருக்கும் உலோக முனைகளையும் சர்க்யூட் போர்டையும்தான் உப்புக் காற்று முதலில் தாக்குகிறது. காசிமேடு, ராயபுரம் பகுதிகளில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அருகில் வைத்திருந்த டிரைவ்களின் முனைகளில் பச்சை படிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிரைவை அதன் ஆன்டி ஸ்டேட்டிக் உறையில் இட்டு, காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறியதும் பொட்டலத்தை மாற்றுங்கள். சமையலறைக்கு வாங்கும் நல்ல டப்பாவே போதும், இதற்கென்று விலை உயர்ந்த பெட்டி வேண்டாம்.

ஏசி அறையில் குளிர்ந்திருந்த டிரைவை வெளியே எடுத்ததும் மின்சாரம் கொடுக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின்மேல் வியர்ப்பதுபோல அதன்மீதும் நீர்த்துளிகள் படியும். ஒரு மணி நேரமாவது டப்பாவைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நாஸ் பெட்டியின் மின்விசிறி, எண்ணூர், மணலிப் பக்கத் தூசியையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். அங்குள்ளவர்கள் மாதம் ஒருமுறை அதைத் தூசி தட்டுவது அவசியம்.

டிரைவ் வெள்ளத்தில் நனைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், அதற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். வேலை செய்கிறதா என்று ஒரே ஒருமுறை பார்த்துவிடலாம் என்ற ஆவலே பெரும்பாலான டிரைவ்களை நிரந்தரமாக அழிக்கிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியாகச் சேற்று நீர் உள்ளே புகுந்திருக்கலாம். தகட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு சிறியது. அங்கே ஒட்டியிருக்கும் மண் துகள், தகடு சுழலத் தொடங்கிய மறுகணமே பரப்பைக் கீறிவிடும். பெரிய கொள்ளளவு கொண்ட ஹீலியம் நிரப்பிய டிரைவ்கள் முற்றாக அடைக்கப்பட்டவை, அவற்றுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் அவற்றின் சர்க்யூட் போர்டும் நனைந்திருக்கும்.

வெயிலில் காயவைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் தீங்கே தரும், ஏனெனில் சேறு காய்ந்தால் தகட்டிலேயே இறுகிவிடும். ஈரமாகவே, ஒரு ஈரத் துணியோடு காற்றுப் புகாத பையில் இட்டு, தூசியற்ற அறை வசதியுள்ள தரவு மீட்பு நிலையத்திடம் ஒப்படையுங்கள். அந்தச் செலவு ஒரு புதிய டிரைவின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும், வெற்றிக்கும் உறுதி இல்லை.

எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டால் வெள்ளக் கவலையே இல்லையே?

ஆவணங்கள், கணக்குகள், முடித்துக் கொடுத்த ஆல்பங்கள், இறுதி வீடியோக்கள் ஆகியவற்றுக்கு கிளவுட் மிகவும் ஏற்றது. கிளியரிங் ஏஜென்டுகளுக்கு நான் முதலில் சொல்வதும் அதுவே. மூல வீடியோக்களுக்குத்தான் கணக்கு ஒத்துவருவதில்லை. ஒரு திருமணத்தின் 630 ஜிகாபைட்டை 50 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 28 மணி நேரம் ஆகும். பல இணைப்புகளில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு என்பதையும், குறிப்பிட்ட அளவு தாண்டினால் வேகம் குறைக்கப்படும் என்பதையும் உங்கள் இணைப்பின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்திலும் கவனம் வேண்டும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் போன்ற ஆவணக் கிடங்குச் சேவைகளில், ஒரு டெராபைட்டுக்கு மாத வாடகை அமெரிக்க விலையில் ஏறக்குறைய ஒரு டாலர்தான். ஆனால் குறைந்தது 180 நாட்களுக்கான வாடகையைச் செலுத்தியாக வேண்டும். கேட்ட கோப்பு கைக்கு வரப் பன்னிரண்டு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். இணையம் வழியே அதே டெராபைட்டை வெளியே எடுக்கும் கட்டணமோ பல ஆண்டு வாடகையைத் தாண்டிவிடும். எல்லாம் அழிந்தபிறகு கடைசி நம்பிக்கையாக ஒருமுறை எடுப்பதற்கு இது தகும், அடிக்கடி எடுத்துப் பார்ப்பதற்குத் தகாது. விதிகள் மாறுவதையும் எதிர்பார்த்திருங்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது, 2021 ஜூன் 1 முதல் நின்றுபோனது.

கணினியில் உள்ள ஒரு கோப்புறை கிளவுடோடு தானாக ஒத்திசைவது மட்டும் பேக்கப் ஆகாது. கணினியில் அழித்தது அங்கும் அழியும். பழைய பதிப்புகளை எத்தனை நாட்கள் தக்கவைக்கிறார்கள் என்று கேட்டறியுங்கள்.

மேக்னட்டிக் டேப் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, வளர்ந்தும் வருகிறது. 2000இல் 100 ஜிகாபைட்டில் தொடங்கிய எல்டிஓ என்ற வகை டேப், 2021இல் வந்த எல்டிஓ 9இல் ஒரு கேசட்டுக்கு 18 டெராபைட் கொள்கிறது. உறையில் 45 டெராபைட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது தரவைச் சுருக்கினால் கிடைக்கும் அளவு. வீடியோவும் படங்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் உங்களுக்கு 18 மட்டுமே. கேசட் மலிவு, அதை ஓட்டும் டிரைவின் விலையோ லட்சங்களில். என் கணக்கில், நூறு டெராபைட்டைத் தாண்டிய பிறகே டேப்பைப் பற்றி யோசிக்கலாம். வாங்கினால் ஒரு டிரைவோடு நிறுத்த இயலாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: எல்டிஓ 8 டிரைவால் எல்டிஓ 7க்கு முந்தைய கேசட்டுகளைப் படிக்க முடியாது, ஆகவே தலைமுறை மாறும்போது பழையவற்றைப் புதியவற்றுக்கு மாற்றும் வேலையும் உங்களுடையதே. நீண்ட காலச் சேமிப்புக்கு 25 டிகிரிக்கு மிகாத வெப்பமும் 50 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதமும் வேண்டும் என்பதால், நம் பகுதியில் டேப்புக்கென்று ஓர் அறையில் ஏசியும் ஈரப்பதம் நீக்கும் கருவியும் ஓடியாக வேண்டும்.

டிவிடி, புளூ ரே?

630 ஜிகாபைட்டுக்கு 4.7 ஜிகாபைட் டிவிடிகள் 135 வேண்டும். 25 ஜிகாபைட் புளூ ரே என்றால் 26. இறுதி வீடியோவை ஒரு கூடுதல் நகலாக வைக்கலாம், அவ்வளவே. பதிவு செய்யும் புளூ ரே வட்டுகளின் தயாரிப்பை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

பேக்கப் டிரைவைக் கணினியிலேயே எப்போதும் செருகி வைத்திருக்கலாமா?

வேண்டாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், இணைக்கப்பட்டிருக்கும் எல்லா டிரைவ்களையும், பகிரப்பட்ட நெட்வொர்க் கோப்புறைகளையும் சேர்த்தே பூட்டும். 2017 மே மாதத்தில் வானாக்ரை பரவியபோது பல நாடுகளின் மருத்துவமனைகளும் நிறுவனங்களும் இப்படி முடங்கின. நகலெடுத்து முடித்ததும் டிரைவை முறைப்படி வெளியேற்றிக் கழற்றுங்கள். மின்வெட்டு நேரத்தில் நகலெடுப்பு பாதியில் நிற்காதபடி, கணினியோடு டாக்கையும் யூபிஎஸ்ஸில் இணையுங்கள். கணினிக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்து டாக்கைச் சுவரில் செருகியிருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

நகல் சரியாக எடுக்கப்பட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

கோப்புறையின் அளவு ஒத்திருக்கிறது என்பது சான்றாகாது. எஸ்எச்ஏ 256 போன்ற செக்சம் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். டெராகாப்பி போன்ற மென்பொருளில், நகலெடுத்தபின் சரிபார்க்கும் வசதியை இயக்குங்கள். லினக்ஸ் பயன்படுத்துவோர், நகலெடுத்தபின் ஆர்சிங்க் நிரலைச் செக்சம் ஒப்பிடும் விருப்பத்தோடு மீண்டும் ஒருமுறை ஓட்டினால் போதும். சரிபார்ப்பால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்: 4 டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுத 11 மணி நேரம், மீண்டும் படித்துப் பார்க்க இன்னொரு 11 மணி நேரம். சனிக்கிழமை மாலை தொடங்கினால் ஞாயிறு முடிவதற்குள் முடிந்துவிடும். மூலத்தைப் போலவே நகலை ஆக்கும் மிரர் கட்டளையை விண்டோஸின் ரோபோகாப்பியில் பயன்படுத்துவோர், மூலத்தில் இல்லாததையெல்லாம் அது நகலிலிருந்தும் அழிக்கும் என்பதை மறவாதீர்கள்.

மெமரி கார்டை, இரண்டு இடங்களில் சரிபார்த்து முடிக்கும்வரை ஃபார்மேட் செய்யக் கூடாது. அடுத்த நாள் வேறு முகூர்த்தம் இருந்தால் வேறு கார்டை எடுத்துச் செல்லுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ரிச்சி தெருவில் வாங்கினாலும், பர்மா பஜாரில் வாங்கினாலும், இணையக் கடையில் வாங்கினாலும் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். டிரைவின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, இந்தியாவில் உத்தரவாதம் உண்டா, எந்தத் தேதி வரை என்று பார்ப்பது முதல் சோதனை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பது இரண்டாவது. புதியது என்றால் அந்த எண் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இதையும் முழுவதும் நம்பிவிடாதீர்கள், பெரிய தரவு மையங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடிய டிரைவ்களின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிப் புதியவை என்று விற்றது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அம்பலமானது. மூன்றாவது, டிரைவ் முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பார்ப்பது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரல் இதைச் செய்யும். நம்ப முடியாத மலிவு விலையில் கிடைக்கும் 2 டெராபைட் பென் டிரைவ்கள், உண்மையில் சில ஜிகாபைட் மட்டுமே கொண்டு, அதற்குமேல் எழுதியதையெல்லாம் ஓசையின்றித் தொலைப்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

இரண்டு நகலுக்கும் டிரைவ்களை ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே உற்பத்தித் தொகுதியின் குறை இரண்டையும் தாக்கும்.

ஒரு டிரைவை எத்தனை ஆண்டுகள் நம்பலாம்?

தன் தரவு மையங்களின் டிரைவ் பழுதுக் கணக்கை 2013 முதல் சேகரித்து வெளியிட்டுவரும், கிளவுட் சேமிப்புச் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் அண்மை ஆண்டுகளின் எண்களில், ஆண்டுக்கு நூற்றில் ஒன்று முதல் இரண்டு டிரைவ்கள் பழுதாகின்றன. அவை குளிரூட்டப்பட்ட, தூசியற்ற, ஆட்டமில்லாத அறையில் ஓடுபவை, நம்முடையவை அப்படியல்ல. உத்தரவாதம் முடிந்ததும் மூல நகலாக வைத்திருப்பதை நிறுத்திவிடுங்கள். ஐந்தாம் ஆண்டில் புதிய டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். அலமாரியில் இருப்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயக்கி, செக்சம் பட்டியலோடு ஒப்பிடுங்கள். டிரைவ் தன் நிலையைத் தானே தெரிவிக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதாகி மாற்றியமைக்கப்பட்ட செக்டர்களும் (தகட்டின் சிறு பகுதிகள்) நிலுவையில் உள்ள செக்டர்களும் கூடிக்கொண்டே போனால் அன்றே புதிய டிரைவ் வாங்குங்கள்.

வெளியூரில் வைக்கும் டிரைவை வேறு யாராவது பார்த்துவிட்டால்?

பிட்லாக்கர் அல்லது வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள் கொண்டு பூட்டி அனுப்புங்கள். வாடிக்கையாளர் வீட்டுப் பெண்களின் படங்கள் உங்களை நம்பி ஒப்படைக்கப்பட்டவை, அதனால் இதை நான் விருப்பத்துக்கு விடுவதில்லை. பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, டிரைவ் இல்லாத இடத்தில், குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரியும்படி வையுங்கள். சாவி தொலைந்தால் அந்தத் தரவை யாராலும் மீட்க இயலாது.

எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

வணிகக் கணக்குகளுக்குச் சட்டமே பதில் சொல்கிறது. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகள் இருக்க வேண்டும். சுங்கத் தரகர்களுக்கு 2018ஆம் ஆண்டு உரிம விதிமுறைகள் ஐந்து ஆண்டுகள் என்கின்றன. திருமண மூலப் பதிவுகளுக்குச் சட்டம் இல்லை என்பதால், ஒப்பந்தத்தில் ஒரு காலத்தை எழுதுங்கள். ஆல்பம் கொடுத்து ஓர் ஆண்டு என்று எழுதி, முடிவதற்கு ஒரு மாதம் முன்பு வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, விரும்பினால் அவர் செலவில் ஒரு டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். 25 டெராபைட் ஆண்டுதோறும் சேரும் சுமையைக் குறைக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான்.

அப்பா காலத்து மினிடிவி வீடியோ கேமரா கேசட்டுகள் 300 இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

இந்த ஆண்டே தொடங்குங்கள். ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினிக்கு மாற்ற முழுதாக ஒரு மணி நேரம் ஆகும், அதை விரைவுபடுத்த வழியில்லை; ஒவ்வொன்றும் 13 ஜிகாபைட் வீதம் 300 கேசட்டும் 4 டெராபைட்டுக்குள் அடங்கும். ஆகவே உங்கள் தட்டுப்பாடு டிஸ்க்கில் இல்லை, ஓடும் நிலையில் உள்ள கேமராவில்தான் இருக்கிறது. அதன் ஹெட் தேய்ந்தால் உதிரிபாகம் கிடைப்பது அரிது. கேமராவின் ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக எடுங்கள், அப்போதுதான் தரவு மாறாமல் அப்படியே வரும். கேசட்டின் சிறு ஜன்னல் வழியே பார்த்து, சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படிந்தவற்றை முதலிலேயே தனிப் பெட்டியில் பிரித்து வையுங்கள். அவற்றைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும் என்பதால், நல்லவற்றை எல்லாம் மாற்றி முடித்து இரண்டு டிஸ்க்குகளில் சரிபார்த்த பிறகு கடைசியாக அவற்றுக்கு வாருங்கள்.